பதினாறுக்கு ஓட்டா? தெருவில் ஒரு விவாதம் கூட்டுவது எப்படி

குடியாத்தத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ரிசல்ட் வந்த வாரத்தில் வாசலில் நிற்க இடமிருக்காது. மார்க் ஷீட், டி.சி., ஆதார் என்று ஆளுக்கு நாலு காப்பி. ரெண்டு வருஷம் முன்னாடி மே மாதம் அப்படி ஒரு கூட்டத்தில், பென்ஷன் பேப்பரோடு வந்திருந்த ஒரு தாத்தா சும்மா இருக்காமல், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் "இன்னா படிச்சிருக்க, இன்னா ஆவப்போற" என்று ஆரம்பித்தார். பத்தாவது முடித்த பெண். நேராகப் பதில் சொன்னாள்.

"மொதல்ல ஓட்டு போடணும் தாத்தா. எங்க ஊருக்கு வர்ற காலை பஸ்ஸ நிறுத்திட்டாங்க. அதுல போறது முப்பது பேரு, எல்லாம் ஸ்கூல் புள்ளைங்க. மனு எடுத்துட்டுப் போனா பெரியவங்களக் கூட்டிட்டு வாங்கன்றாங்க. பெரியவங்க யாருமே அந்த பஸ்ல போறதில்ல."

தாத்தா வாயைத் திறப்பதற்குள் எதிர் பீடா கடையிலிருந்து ஒரு குரல்: "மீச மொளைக்காததுக்கெல்லாம் ஓட்டு கேக்குதா?" அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து மீசை முளைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அரைமணி நேரத்தில் கடை மீன் மார்க்கெட் ஆகிவிட்டது. எல்லோரும் பேசினார்கள், ஒருத்தரும் கேட்கவில்லை, நான் யாருடைய ஆதாரையோ யாருக்கோ கொடுத்தனுப்பி மறுநாள் அலைந்தேன்.

சரி, இதையே உட்கார்ந்து ஒழுங்காகப் பேசினால் என்ன என்று மாடியில் மூன்று முறை கூட்டினோம். முதல் முறை சொதப்பல், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவதுதான் விவாதம் என்று சொல்லும்படி இருந்தது. உங்கள் தெருவில், நூலகத்தில், டியூஷன் சென்டரில் நடத்திப் பார்க்க விரும்பினால் நான் பட்ட பாடு உங்களுக்கு உதவட்டும்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"ஓட்டு வயதைக் குறைக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பத்து நிமிஷத்தில் பேச்சு "இந்தக் காலத்துப் பசங்க" என்ற இடத்துக்குப் போய் அங்கேயே படுத்துவிடும். முதல் கூட்டத்தில் அதுதான் நடந்தது. எந்த வயதுக்கு, எந்தத் தேர்தலில் என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்த கேள்வி இது: "நகராட்சி, ஊராட்சித் தேர்தலில் மட்டும் 16 வயது நிரம்பியவர்கள் ஓட்டுப் போடலாமா?"

இப்படிப் பிரிப்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 326-வது பிரிவு 18 வயது என்று சொல்வது மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும்தான். அதை மாற்ற வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அதற்கப்புறம் பாதி மாநிலச் சட்டமன்றங்களாவது ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளாட்சித் தேர்தல் மாநிலச் சட்டத்தின் கீழ் வருகிறது. இப்போது தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கான பட்டியலையே உள்ளாட்சிக்கும் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் அங்கேயும் 18. ஆனால் ஒன்று மலை, இன்னொன்று மேடு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினால், பஸ் கேட்ட பெண்ணுக்குப் பிரதமர் தேர்தலைக் காட்டிப் பயமுறுத்திக்கொண்டிருப்பீர்கள்.

நாள், நேரம், பாய்

சிரசு திருவிழா வாரத்தில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் என்றால் அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இந்த ஊரில் யாரும் வேறு எதையும் காதில் வாங்க மாட்டார்கள் என்று இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா என்ன, இருந்தும் வைத்தேன், வந்தது ஏழு பேர், அதில் இரண்டு பேர் மோர் குடிக்க வந்தவர்கள். வேலூர்ப் பக்கத்து வெயிலில் பகல் கூட்டமும் வேண்டாம். ஞாயிறு சாயந்திரம் ஆறு மணி, மாடியில் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்தால் எட்டு வரை தாங்கும்.

இருபது பேருக்கு மேல் வேண்டாம். பாதிப் பேராவது 18 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இல்லையென்றால் அது பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்கள் பேசும் இன்னொரு கூட்டம், அது ஊரில் தினமும்தான் நடக்கிறது. பெண் பிள்ளைகள் வர வேண்டுமென்றால் ஏழரைக்குள் முடிப்பதாக வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், சொன்னபடி முடியுங்கள். கட்சிக்காரர்கள் வரலாம், கரைவேட்டியும் துண்டும் வர வேண்டாம்.

எல்லோருக்கும் பாய். முட்டி வலி இருப்பவர்களுக்கு மட்டும் நாற்காலி. இரண்டாவது கூட்டத்தில் பெரியவர்களை நாற்காலியிலும் பிள்ளைகளைப் பாயிலும் உட்கார வைத்துவிட்டு, ஏன் ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை என்று வீட்டுக்குப் போய் யோசித்தேன். மேலே உட்கார்ந்திருக்கிற பெரியப்பாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டே "நீங்க சொல்றது தப்பு பெரியப்பா" என்று எந்தப் பிள்ளை சொல்லும்?

அதனால்தான் பேச்சு வரிசையும் சின்னவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். இருப்பதிலேயே வயது குறைந்தவர் முதலில், பெரியவர் கடைசியில், ஆளுக்கு இரண்டு நிமிஷம். போன் டைமர் போதும். இன்னொரு விதி வைத்தோம்: "உனக்கு என்ன தெரியும்" என்று யார் சொன்னாலும் அபராதம் ஒரு டீ. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் ஒரே சாயந்திரத்தில் மூன்று டீ கட்டினார். நல்ல மனிதர், நாற்பது வருஷப் பழக்கம், நாக்கு கேட்கவில்லை.

பேசுவதற்கு முன்னாடி ஒரு ஓட்டு

உட்கார்ந்ததும் ஒரு சீட்டுக் கொடுத்து, பேசாமல் கொள்ளாமல் ஓட்டுப் போடச் சொல்லுங்கள். இனிப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் பிளேடால் ஒரு கோடு கிழித்தால் ஓட்டுப் பெட்டி. சீட்டில் மூன்று பதில் இருக்கட்டும்: வேண்டும், வேண்டாம், உள்ளாட்சிக்கு மட்டும். 18-க்குக் கீழே மஞ்சள் சீட்டு, மேலே வெள்ளைச் சீட்டு. முடிவை அப்போதே சொல்லாதீர்கள், எண்ணி மடித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி ஒருமுறை ஓட்டு இருக்கிறது.

எங்கள் மூன்றாவது கூட்டத்தில் மஞ்சள் சீட்டு பதினொன்று. எல்லாம் "வேண்டும்" என்று வரும் என்று நினைத்திருந்தேன். ஐந்து "வேண்டாம்". அதில் ஒன்றின் ஓரத்தில் பென்சிலில் பொடி எழுத்தாக எழுதியிருந்தது: "எங்க கிளாஸ் பசங்கள நெனச்சா பயமா இருக்கு." அந்தச் சீட்டை இன்னும் கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கையில் இருக்க வேண்டிய தாள்

ஏ4 ஒரே தாள், இரண்டு பக்கம். இதைப் படித்துவிட்டு வரச் சொல்லி முந்தின நாளே கொடுங்கள். நான் போட்டதைச் சொல்கிறேன், உங்கள் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம்.

முதல் பக்கம் நம் கதை. வெள்ளைக்காரன் காலத்தில் சொத்து, வரி, படிப்பு இருந்தவனுக்குத்தான் ஓட்டு. பெண்களுக்கு ஓட்டு என்பதை 1921-ல் மாகாணங்களிலேயே முதலில் ஒப்புக்கொண்டது நம் சென்னை மாகாணச் சட்டமன்றம், அதுவும் சொத்துத் தகுதி இருந்த பெண்களுக்கு மட்டும். சுதந்திரத்துக்கு அப்புறம் 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு என்று ஆனது. முதல் பொதுத்தேர்தல் 1951-52-ல் நடந்தபோது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகத்தான் சின்னமே வந்தது. முதலமைச்சரான கையோடு 1954-ல் காமராஜர் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தது எங்கள் குடியாத்தத்தில்தான், அன்று வரிசையில் நின்ற எல்லோரும் 21 தாண்டியவர்கள். அவரோ பதின்ம வயதிலேயே கட்சி வேலைக்குப் போனவர். இதைச் சொன்னதும் தாத்தா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம் அரசியல் சாசனத்தின் 61-வது திருத்தம். 1988 டிசம்பரில் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்து இரு அவைகளிலும் நிறைவேறியது, மாநிலங்கள் ஒப்புக்கொண்டு 1989 மார்ச் 28-ல் நடைமுறைக்கு வந்தது. 21 என்பது 18 ஆனது. என் அக்காவுக்கு அப்போது 19 வயது. 1989 ஜனவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது அம்மாவோடு போய்ப் பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். அதே வருஷம் நவம்பரில் மக்களவைத் தேர்தல். உள்ளே போய் முத்திரை குத்திவிட்டு, விரல் மையை நாலு நாள் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் பத்து மாதம். அதற்குள் அவளுக்குப் புதிதாக என்ன அறிவு முளைத்தது என்று கேட்டால் அவளே சிரிப்பாள். அந்தத் திருத்த மசோதாவின் நோக்க உரையில் ஒரு வரி இருக்கிறது: சில மாநிலங்கள் ஏற்கெனவே உள்ளாட்சித் தேர்தலுக்கு 18 வயது வைத்திருக்கின்றன என்று. உள்ளூரில் செய்து பார்த்துவிட்டு மேலே போனது புது வழி இல்லை, ஏற்கெனவே நடந்த வழிதான்.

பின்பக்கம் வெளிநாடு. இங்கே ரொம்ப நேரம் நிற்காதீர்கள், பெயர்களை அடுக்கினால் தூக்கம் வரும். ஆஸ்திரியா 2007-ல் எல்லாத் தேர்தலுக்கும் 16 என்று ஆக்கியது. பிரேசிலில் 1988 முதல் 16, 17 வயதினர் விரும்பினால் போடலாம், 18-லிருந்து கட்டாயம். அர்ஜென்டினா 2012, மால்டா 2018. ஜெர்மனியில் 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 16. இந்தோனேசியாவில் 17. பிரிட்டிஷ் அரசு 16 ஆக்கப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. மறுபக்கமும் எழுதுங்கள்: ஈரானில் 15 ஆக இருந்ததை 2007-ல் 18 ஆக உயர்த்தினார்கள். குறைத்தால் குறைத்ததுதான் என்று ஒன்றும் இல்லை.

ஸ்காட்லாந்து மட்டும் கொஞ்சம் விரிவாக. 2014-ல் பிரிட்டனிலிருந்து பிரிவதா என்ற வாக்கெடுப்பில் 16, 17 வயதினரைச் சேர்த்தார்கள். பின்னர் பிரிட்டன் தேர்தல் ஆணையம் எடுத்த கருத்துக்கணிப்பில் அந்த வயதினரில் 75 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டதாகச் சொன்னார்கள், 18 முதல் 24 வரை இருந்தவர்களில் 54 சதவீதம். "சொன்னார்கள்" என்ற வார்த்தையை அடிக்கோடிடுங்கள். போடாமலே போட்டேன் என்று சொல்கிற ஆள் நம் ஊரில் மட்டுமா இருக்கிறான்? இருந்தாலும் இரண்டு வயதுக்காரர்களும் அதே மாதிரி கதை விட்டிருப்பார்கள் என்று வைத்தாலும் இடைவெளி பெரிது.

வரப்போகும் வாதங்கள்

பக்குவம். இதுதான் முதலில் வரும், கடைசி வரை போகாது. பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் ஒரே பைக்கில் மூணு பேர் போகிற பையன்களைக் காட்டி "இவனுங்களுக்கா ஓட்டு?" என்பார்கள். அதற்கு லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் பல வருஷமாகச் சொல்லிவரும் ஒரு வித்தியாசம் உதவும்: அவசரமில்லாமல், தனியாக, யோசித்து எடுக்கும் முடிவில் 16 வயதுக்காரர் ஏறக்குறைய பெரியவர்களுக்குச் சமம், கூட்டாளிகள் சூழ்ந்திருக்கும்போது, கொதிப்பில் எடுக்கும் முடிவுதான் இருபதுகள் வரை தள்ளாடும். பைக் இரண்டாவது வகை. ஓட்டுப் பெட்டி முன்னால் தனியாக நிற்பது முதல் வகை. இதைச் சொன்னவுடன் ஒரு அம்மா, "ஓட்டுக்கு முந்தின ராத்திரி எங்க ஊட்டுக்காரரு எந்த வகைப்பா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்து அடங்க ஐந்து நிமிஷம் ஆனது.

பக்குவத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் ஞாபகப்படுத்துங்கள். படிக்காதவனுக்கு எதற்கு ஓட்டு, பெண்ணுக்கு எதற்கு ஓட்டு, சொத்து இல்லாதவனுக்கு எதற்கு ஓட்டு என்று கேட்டவர்களும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். ஆனால் அதை வைத்து மட்டும் ஜெயித்துவிட முடியாது. அப்படியானால் பத்து வயதுக்கும் கொடுங்களேன் என்று திருப்பிக் கேட்பார்கள், கேட்டார்கள். எங்கேயோ ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும்.

வரி. "போன் ரீசார்ஜுக்கு நாங்களும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்றோம்" என்று ஒரு பையன் கணக்குப் போட்டு வந்தான், 200 ரூபாயில் சுமார் 30 ரூபாய் என்று. கணக்கு சரி. ஆனால் முட்டாய் வாங்குகிற அஞ்சு வயதுக் குழந்தையும் வரி கட்டுகிறது. விட்டுவிடுங்கள்.

தண்டனை. இது கனமான வாதம், பிள்ளைகள் பெரும்பாலும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 2015 சிறார் நீதிச் சட்டப்படி, கொடுங்குற்றம் என்றால் 16 முதல் 18 வரை இருப்பவரையும், சிறார் நீதிக் குழுமம் ஆராய்ந்து பார்த்தபின், பெரியவர்களைப் போல விசாரிக்கலாம். செய்ததன் விளைவு 16-ல் தெரியும் என்று சட்டம் அங்கே சொல்கிறது. இந்தப் பக்கம் பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 18 வரை குழந்தை என்கிறது. 17 வயதுப் பிள்ளை கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் செல்லாது, பதினேழரை வயதில் அக்னிவீரராக ராணுவத்தில் சேரலாம். 16 வயதில் 50 சிசி வண்டிக்கு லைசென்ஸ் தருவார்கள், ஆனால் இன்றைக்கு டிவிஎஸ் எக்ஸெல் கூட 100 சிசி. எந்த வரியை எடுத்தாலும் இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்லும். இதையெல்லாம் ஒரு பெரிய அட்டையில் வயதுவாரியாக எழுதி சுவரில் ஒட்டினோம், கூட்டத்தில் ரொம்ப நேரம் எல்லோரும் பார்த்தது அதைத்தான்.

பள்ளிக்கூடம். எதிர்த்துப் பேசுகிறவர்களின் பலமான வாதம் இது, அதை யாராவது சொல்லவில்லையென்றால் நீங்களே எடுத்துக் கொடுங்கள். 16-ல் ஓட்டு என்றால் ப்ளஸ் டூ வகுப்பறை முழுக்க வாக்காளர்கள். கட்சிக்காரன் பள்ளி வாசலுக்கு வருவான். கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வருவதையே நிறுத்த முடியாமல் திண்டாடுகிற பள்ளிகள் நம் மாநிலத்தில் இருக்கின்றன. அந்தப் பென்சில் எழுத்துச் சீட்டு ஞாபகம் இருக்கிறதா, எழுதியவன் யார் என்று கடைசியில் தானே சொன்னான், அவன் பயந்தது இதற்குத்தான். "எலெக்‌ஷன் டைம்ல கிரவுண்ட்ல தனித்தனியா நிப்பாங்கண்ணா" என்றான். அதற்கு அன்றைக்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை. இன்றைக்கும் என்னிடம் இல்லை.

பணம். இதைத் தொடாமல் வேலூர் மாவட்டத்தில் ஓட்டைப் பற்றிப் பேசினால் ஊர் சிரிக்கும். 2019 ஏப்ரல் 18-ல் நடக்க வேண்டிய வேலூர் மக்களவைத் தேர்தல், கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதால் இரண்டு நாள் முன்னாடி ரத்தானது. பணத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தலே நின்றது நாட்டில் அதுதான் முதல் முறை. ஆகஸ்ட் 5-ல் மறுபடி நடந்தது, 8,141 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது. கூட்டத்தில் ஒருவர், "பதினாறுக்கும் ஓட்டுக் குடுத்தா வீட்டுக்கு நாலு கவர் வர்றது ஆறா வரும், அவ்ளோதான்" என்றார். சட்டென்று பதில் வந்தது, பஸ் கேட்ட அதே பெண்ணிடமிருந்து: "கவர வாங்கி பீரோல வைக்கிறது யாரு மாமா, நாங்களா?" மாமா டீ கட்டாமலே எழுந்து போய் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார்.

கவர் வாங்குகிற வீட்டில் வளர்கிற பிள்ளைக்கும் அந்தப் பழக்கம் ஒட்டாதா என்றால், ஒட்டும். அது 18-லும் ஒட்டுகிறது, 40-லும் ஒட்டுகிறது.

நான் எந்தப் பக்கம்

நடத்துகிறவர் நடுவில் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. இங்கே சொல்லலாம். நான் உள்ளாட்சிக்கு மட்டும் என்ற கட்சி. தெருக்குழாய், பள்ளிக்கூடக் கழிப்பறை, விளையாட்டுத் திடல், தெருவிளக்கு எல்லாம் வார்டு கவுன்சிலர் கையில் இருக்கிறது, இவற்றை அதிகம் உபயோகிப்பது இந்தப் பிள்ளைகள்தான். இன்னொரு காரணம் என் கடைக்கு வரும் பேப்பர்களைப் பார்த்தே சொல்வேன். 18 ஆகும் நேரத்தில் பாதிப் பேர் ஊரில் இருப்பதில்லை. காலேஜுக்குச் சென்னை, வேலைக்கு ஆம்பூர் ஷூ கம்பெனி, ஶ்ரீபெரும்புதூர், பெங்களூர். பெயர் இங்கே, ஆள் அங்கே, ஓட்டு எங்கேயும் இல்லை. 16, 17-ல் அம்மா அப்பா வீட்டில், தெரிந்த தெருவில், தெரிந்த பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் முதல் ஓட்டு விழுந்தால் பழக்கம் ஒட்டும் என்பது என் நினைப்பு. மக்களவைக்கு 16 வேண்டுமா என்றால் எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

கிராமத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். கிராம சபையில் பதிவான வாக்காளர்கள்தான் உறுப்பினர்கள். ஆனால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறதே, அதற்குப் பிள்ளைகள் எழுதித் தருவதை வாக்காளரான யாராவது ஒருவர் எழுந்து படிக்கலாம். பக்கத்துக் கர்நாடகத்தில் குழந்தைகளுக்கென்றே தனியாகக் கிராம சபை கூட்டுகிறார்கள். அந்தப் பெண்ணின் பஸ் கோரிக்கையை அவள் அத்தை ஆகஸ்ட் 15 கூட்டத்தில் படித்தார். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. பஸ் இன்னும் வரவில்லை.

கடைசி அரைமணி: படிவம் 6

இரண்டாவது ஓட்டுப் போட்டு முடிவைச் சொன்னதும் (எங்களுக்கு மஞ்சளில் "உள்ளாட்சிக்கு மட்டும்" இரண்டிலிருந்து ஆறானது, வெள்ளையில் ஒருவர் மட்டும் மனம் மாறினார், மூன்று டீ வாத்தியார்) உடனே கலைந்துவிடாதீர்கள். 17 முடிந்த எல்லோரையும் உட்கார வைத்து, வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-ல் விண்ணப்பம் போட வையுங்கள். பதினாறுக்கு ஓட்டு வேண்டும் என்று தொண்டை வற்றப் பேசிவிட்டுப் பதினெட்டில் பெயர் சேர்க்காமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

முன்பெல்லாம் ஜனவரி 1 என்ற ஒரே தேதிதான் கணக்கு. 2019 ஆகஸ்டில் வேலூரில் மறுபடி தேர்தல் நடந்தபோது, ஜனவரிக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் 18 ஆனவர்கள் வேடிக்கைதான் பார்த்தார்கள். 2021 சட்டத்திருத்தத்துக்கு அப்புறம் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நாலு தேதி. 17 முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பம் கொடுக்கலாம், 18 நிரம்பியதும் அதையொட்டி வரும் தேதிக்கான பட்டியலில் பெயர் ஏறும்.

வேண்டியது: ஒரு போட்டோ, வயதுக்குப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் அல்லது பிறப்புச் சான்றிதழ், முகவரிக்கு ஆதார் அல்லது பாங்க் பாஸ்புக், வீட்டில் ஒருவரின் வாக்காளர் அட்டை எண். போனில் தேர்தல் ஆணையத்தின் ஆப் வழியாகப் போடலாம், தாளாக உங்கள் பகுதி பி.எல்.ஓ.விடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) கொடுக்கலாம், பல இடங்களில் அங்கன்வாடி டீச்சரோ பள்ளி ஆசிரியரோதான் பி.எல்.ஓ. யார் என்று தெரியாவிட்டால் 1950-க்குப் போன் பண்ணுங்கள். காசு எதுவும் கிடையாது, பிரின்ட் எடுத்தால் எனக்குத் தர வேண்டிய மூன்று ரூபாய் தவிர.

எழுத்துப்பிழையில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள். ஆப்பில் ஆங்கிலத்தில் அடித்தால் தமிழ் தானாக விழும், யாழினி யாலினி ஆகிவிடுவாள், பார்த்துத் திருத்துங்கள். இனிஷியலா, அப்பா பெயரை முழுசாகவா என்பதில் மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் அட்டையில் என் பெயர் அப்பாவுக்கும் அப்பா பெயர் எனக்கும் வந்து, திருத்தத்துக்கான படிவம் 8 கொடுத்து, ஒரு அலுவலகத்தில் "அப்பாவே வரட்டும்" என்று சொல்ல, இறந்து ஆறு வருஷமான மனிதரை எங்கிருந்து கூட்டி வருவது என்று நான் நின்றது தனிக் கதை.

போன மாதம் அந்தப் பெண் கடைக்கு வந்தாள், இப்போது அவளுக்கு 17 முடிந்துவிட்டது. படிவம் 6-ஐ நான்தான் போட்டுக் கொடுத்தேன். பிறந்த தேதி ஏப்ரல் 4. ஏப்ரல் 1-ஐ மூன்று நாளில் தவறவிட்டு ஜூலை 1 கணக்கில் வருகிறாள். அதை விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட சண்ட போடணும்ணா" என்றாள். பென்ஷன் தாத்தாவும் அன்றைக்கு லைஃப் சர்டிபிகேட்டுக்காக வந்திருந்தார். "எனக்கு மொத ஓட்டு இருபத்திநாலுலதான் வந்திச்சி, எலெக்‌ஷனே இல்ல நடுவுல, நீ மூணு நாளைக்கு அழுவுற" என்றார். அவள் படிவத்தின் பிரின்ட்டை இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, காலை பஸ் இல்லாததால் ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடினாள்.